காது மெஷினைக் கழற்றி வைப்பவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வார ஞாயிறு இணைப்பில் முதியோரின் காது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரைதான். குரும்பியை எடுக்கிறேன் என்று ஹேர்பின்னை விடாதீர்கள், திடீரென்று ஒரு காது அடைத்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள் என்பதெல்லாம் சொல்ல வேண்டியவையே. ஆனால் கடைசிப் பத்தியில், வாங்கிய காது மெஷினைப் போட்டுக்கொள்ளாமல் டிராயரில் வைத்திருப்பவர்களைப் பற்றிப் பேசும்போது, அவர்களுக்குப் பொறுமை இல்லை, கூச்சம் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். அந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. என் மெஷினும் பதினான்கு மாதம் டிராயரில்தான் கிடந்தது. பொறுமை இல்லாதவன் நாற்பது வருடம் பிழை திருத்திப் பிழைத்திருக்க முடியுமா?

என்னைப் பற்றிக் கொஞ்சம். வயது அறுபத்தெட்டு. பதினேழு வயதில் ஓர் அச்சகத்தில் கம்பாஸிட்டராகச் சேர்ந்தேன். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக்கில் கோக்கும் வேலை. அப்புறம் பிழை திருத்துபவன் ஆனேன். ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், நான் கேலி புரூஃபை, அதாவது பக்கம் கட்டுவதற்கு முன் எடுக்கும் நீளச் சோதனை அச்சை, பார்த்துக்கொண்டே வருவேன். இரண்டு கெஜம் தள்ளி அச்சு மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் அவர் படிப்பது லகரமா ளகரமா என்று காதிலேயே பிடித்துவிடுவேன். அந்தக் காதுதான் போனது.

சத்தம் கேட்காமல் போனதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். சத்தம் கேட்கிறது. தெருவில் நாய் குரைத்தால் கேட்கிறது, மகன் பேசினால் கேட்கிறது. என்ன பேசுகிறான் என்பதுதான் புரியவில்லை. 'கடை' என்கிறானா, 'படை' என்கிறானா, 'தடை' என்கிறானா? எனக்கு 'அடை' மட்டும் வந்து சேரும். முதலில் வந்த மெய்யை வழியில் யாரோ உருவிக்கொண்டது போல. வாக்கியத்தில் வைத்து ஊகித்துக்கொள்வேன். பத்துக்கு ஆறு சரியாக இருக்கும். மீதி நாலில் வீடு சிரிக்கும், அல்லது முறைக்கும்.

பின்னால் புரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உயிரெழுத்தின் பலமும் ம், ன் போன்ற மெல்லினத்தின் பலமும் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருக்கின்றன. க, ச, த, ப என்று வல்லினத்தை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் மேல்சுருதியில் இருக்கிறது. அதுவும் ஒரு நொடியில் சிறு துண்டு நேரம்தான் வந்து போகும். மேல்சுருதி போன காதுக்கு வல்லினம் போய்விடும். இலக்கணத்தில் வல்லினம் என்று பெயர் வாங்கியதுதான் காதுக்குள் முதலில் உதிர்கிறது என்பது எனக்கு ஒரு வேடிக்கை. மனைவிக்கு அது வேடிக்கையாக இல்லை.

சரி, மெஷின் கதைக்கு வருகிறேன். முதலில் போன இடத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஆடியோகிராம் எடுத்தார்கள். பீப் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 வரை, எந்தச் சுருதி எத்தனை டெசிபலில் கேட்க ஆரம்பிக்கிறது என்று தாளில் புள்ளி வைத்துக் கோடு போட்டுத் தந்தார்கள். என் இரண்டு காதின் கோடுகளும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்றாக, இடப்பக்கம் மேட்டில் ஆரம்பித்து வலப்பக்கம் சரிவாக இறங்கின. இரண்டுக்கும் ஐந்து, பத்து டெசிபல் வித்தியாசம் இருக்கலாம். அந்தத் தாளைக் கணினியில் ஏற்றி, எங்கே பள்ளமோ அங்கே சத்தத்தைக் கூட்டி, இரண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி மெஷின் வைத்துவிட்டார்கள். அவர்கள் முறைப்படிதான் செய்தார்கள். ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை.

மெஷின் போட்ட முதல் நாள் செய்தித்தாளைப் பிரித்தேன். தகரக் கூரையில் ஜல்லியைக் கொட்டியது போல இருந்தது. குழாயில் தண்ணீர் விழுந்தால் உலோகத்தைச் சுரண்டும் ஓசை. பேத்தி பேசினால் அவள் வார்த்தைக்குப் பக்கத்திலேயே இன்னொரு கரகரப்பு. திரும்பப் போய்ச் சொன்னேன். "மூளை பழக வேண்டும், மூன்று மாதம் பொறுங்கள்" என்றார்கள். அதுவும் பொய்யில்லை, புது மெஷினுக்குப் பழகுவதற்கு நாளாகும்தான். மூன்று மாதம் கழித்துப் போனேன். "வலது காதில் வார்த்தை புரியவில்லை" என்றேன். மேல்சுருதியை இன்னும் கூட்டினார்கள். விசில் அடிக்க ஆரம்பித்தது. காதுக்குள் செருகும் அடைப்பை மாற்றினார்கள். மறுபடி கூட்டினார்கள். நாலாவது முறை போனபோது அங்கிருந்த தம்பி என் மகனிடம் மெதுவாகச் சொன்னார். அவர் வாயைப் பார்த்தே புரிந்துகொண்டேன்: பெரியவர் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார்.

அன்றைக்கு ராத்திரி கழற்றி வைத்தவன்தான். "அப்பா, வாங்கிக் கொடுத்ததைப் போட்டுக்கக்கூட உங்களுக்குக் கஷ்டமா?" என்று மகன் கேட்டான். அவன் கேட்டது எனக்கு முழுதாகப் புரிந்தது என்பதுதான் கொடுமை.

பதினான்கு மாதம் கழித்து வேறோர் இடத்துக்கு என் மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த ஆடியோலஜிஸ்ட் சின்னப் பெண். பழைய ஆடியோகிராமைப் பார்த்தார், புதிதாகவும் எடுத்தார். அப்புறம் சத்தத்தை எனக்குத் தோதான அளவில் வைத்து ஒற்றை வார்த்தைகளாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். இடது காதில் நூற்றுக்கு எழுபத்திரண்டு. வலது காதில் நாற்பது. "கோடு ரெண்டும் ஒண்ணா இருக்கு, மார்க் மட்டும் ஏன் இப்படி?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிழை திருத்துபவன் மூலத்தையும் புரூஃபையும் மாறி மாறிப் பார்ப்பானே, அந்தப் பார்வை. எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

வலது காதில் 3000 ஹெர்ட்ஸ் பீப் ஒன்றைப் பலமாக வைத்து, "ஐயா, இது எப்படிக் கேக்குது? விசில் மாதிரியா, வேற மாதிரியா?" என்றார்.

"காஞ்ச சருகைக் கசக்கற மாதிரி இருக்கும்மா."

இடது காதில் அதையே வைத்தார். அது விசில்தான். கொஞ்சம் தூரத்து விசில், ஆனால் விசில்.

எனக்கு அந்த விஷயம் அன்றுதான் தெரிந்தது. இத்தனை நாள் பீப் கேட்கிறதா இல்லையா என்று மட்டும்தான் கேட்டார்கள், எப்படிக் கேட்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அவர் உடனே ஒரு எச்சரிக்கையும் சொன்னார். சருகு போலக் கேட்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாதாம். கெட்டுப்போன இடத்தில்கூடச் சிலருக்குச் சுத்தமான சுருதியாகக் கேட்கும், நன்றாக இருக்கும் இடத்தில்கூடச் சிலருக்கு இரைச்சலாகக் கேட்கும். அதற்கென்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, எடுத்துப் பார்ப்போம் என்றார்.

டெஸ்டுக்கு முன்னால் அவர் சொன்ன விளக்கத்தை என் பாஷையில் சொல்கிறேன். உள்காதில் நத்தைக்கூடு மாதிரி இரண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு சுருள். கோக்லியா என்கிறார்கள். பிரித்து நீட்டினால் 35 மில்லிமீட்டர் அளவுதான், என் கட்டைவிரலின் பாதி. அதன் நெடுக ஒரு சவ்வு. வாசல் பக்கம் மேல்சுருதிக்கு அதிரும், உள்ளே போகப்போகக் கீழ்ச்சுருதி. ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் இடம். (இந்தச் சவ்வில் அலை ஓடுவதை, இறந்தவர்களின் காதெலும்பைத் திறந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்த்தவர் பெகெஷி. 1961-இல் நோபல் பரிசு வாங்கினார். இதை நான் பிற்பாடு படித்தது.) சவ்வின் மேல் மயிர்ச் செல்கள். வெளிப்பக்கம் மூன்று வரிசையில் சுமார் 12,000. உள்பக்கம் ஒரே வரிசையில் சுமார் 3,500. வெளிவரிசை சத்தத்தைப் பெருக்கித் தருகிறது. மூளைக்குச் செய்தி அனுப்புவது முக்கியமாக அந்த ஒற்றை உள்வரிசைதான்.

வெளிவரிசை மட்டும் போனால் பெருக்க ஆள் இல்லை, அந்த வேலையை மெஷின் செய்துவிடும். உள்வரிசை ஓரிடத்தில் ஒட்டுமொத்தமாகப் போய்விட்டால் அங்கே எத்தனை பலமாக அதிர்ந்தாலும் செய்தி சொல்ல ஆள் இல்லை. அந்த இடத்தைத்தான் டெட் ரீஜன் என்கிறார்கள். அந்தப் பெண் 'செயலற்ற பகுதி' என்று தமிழில் சொல்லிப் பார்த்தார். நான் 'காலிக் கட்டம்' என்று வைத்துக்கொண்டேன்.

ஏனென்றால் எனக்கு அச்சகத்தில் 'கேஸ்' என்று சொல்லும் எழுத்துப் பெட்டி ஞாபகம் வந்தது. அதில் நூற்றுக்கணக்கான கட்டங்கள் இருக்கும். கம்பாஸிட்டர் பெட்டியைப் பார்க்க மாட்டான், மூலத்தைப் பார்ப்பான், கை தானாகப் போகும். 'சு' தீர்ந்து கட்டம் காலியாக இருக்கிறது என்று வையுங்கள். அவசரத்தில் விரல் பக்கத்துக் கட்டத்திலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துவிடும். ஸ்டிக்கில் எழுத்து நிற்கும், வரி நிறைந்திருக்கும், எண்ணிக்கை சரியாக இருக்கும். புரூஃப் எடுத்துப் படித்தால்தான் தெரியும் அது வேறு எழுத்து என்று. காதிலும் அதுதான் நடக்கிறது. 3000 ஹெர்ட்ஸின் இடம் காலி என்று வையுங்கள். ஆனால் சத்தத்தைப் பலமாக வைத்தால் சவ்வின் அதிர்வு பக்கத்துக்குப் பரவுகிறது. பக்கத்தில் உயிரோடு இருக்கும் 1500-இன் செல்கள் அதைப் பிடித்து, 'வந்தது, வந்தது' என்கின்றன. நான் பொத்தானை அழுத்துகிறேன். ஆடியோகிராமில் ஒரு புள்ளி விழுகிறது. தாளைப் பார்ப்பவருக்கு 95 டெசிபலில் காது கேட்கிறது என்று தோன்றும். அந்தக் கட்டத்திலோ ஒன்றும் இல்லை. அங்கே போய் மெஷின் சத்தத்தைக் கூட்டினால் காலிக் கட்டத்தைத் துழாவும் கையைத் தட்டிவிடுவது போலத்தான். பக்கத்துக் கட்டத்தின் எழுத்துகள் இறைந்து போகும், ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்ததும் குழம்பும்.

இந்தத் திருட்டு விடையைப் பிடிப்பதற்குத்தான் டென் டெஸ்ட் (TEN, 'த்ரெஷோல்ட் ஈக்வலைசிங் நாய்ஸ்' என்பதன் சுருக்கம்). கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிரையன் மூர் என்பவரும் அவருடைய ஆட்களும் 2000-இல் கொண்டுவந்தது. 2004-இல் சாதாரண ஆடியோகிராம் அளவிலேயே எடுக்கிற மாதிரி எளிதாக்கினார்கள். யுக்தி இதுதான்: பீப் வைக்கும் அதே காதில் ஓர் இரைச்சலையும் வைக்கிறார்கள். எந்தச் சுருதியானாலும் ஒரே அளவில் மூழ்கடிக்கும்படி அந்த இரைச்சலை அளந்து செய்திருக்கிறார்கள். ஒரு சுருதிக்கு அதன் சொந்த இடம் உயிரோடு இருந்தால், 80 டெசிபல் இரைச்சலுக்குள் ஏறக்குறைய 80 டெசிபல் பீப் தலை காட்டிவிடும். சொந்த இடம் காலி, பக்கத்து இடம்தான் பதில் சொல்கிறது என்றால், அந்தப் பக்கத்து இடம் இப்போது இரைச்சலில் மூழ்கிக் கிடக்கிறது. பீப் அதையும் தாண்டி வர வேண்டும். இரைச்சல் அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூட்டினால்தான் கேட்கிறது, அமைதியில் கேட்ட அளவையும்விட 10 டெசிபலாவது கூடியிருக்கிறது என்றால் அந்த இடம் காலி என்று கணக்கு.

ஹெட்போனை மாட்டி இரைச்சலைத் திறந்தார். ஷ்ஷ்ஷ் என்று இடைவிடாத கனத்த மழை. மூன்று நிமிடத்தில் எனக்குப் பழைய மெஷின் ஹால் ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. இதற்குள் எழுத்து பொறுக்கிச் சாப்பிட்டவன் நான். 1000 ஹெர்ட்ஸ் பீப் மழைக்குள் துளிர்த்தது, அழுத்தினேன். 1500, கொஞ்ச நேரத்தில் பிடித்துவிட்டேன். 2000 வந்தபோது மழை மட்டும். காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கை டயலில் ஏறிக்கொண்டே போவது தெரிகிறது, எனக்கு ஒன்றும் வரவில்லை. அழுத்திவிடலாமா என்று ஒரு சபலம். பரீட்சையில் பதில் தெரியாதவனுக்கு வருமே, அது. அழுத்தவில்லை. கடைசியில் சருகு கசங்கியது.

தாளை என்னிடமே கொடுத்தார். வலது காது: 1000-இல் அமைதியில் 40, இரைச்சலில் 82. 1500-இல் அமைதியில் 60, இரைச்சலில் 82. 2000-இல் அமைதியில் 75, இரைச்சலில் 94. இடது காதின் 2000-இல் அமைதியில் 70, இரைச்சலில் 82. இரைச்சல் எல்லாவற்றுக்கும் 80. எழுபதும் எழுபத்தைந்தும் ஆடியோகிராமில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள். எண்பத்திரண்டும் தொண்ணூற்று நாலும்தான் கதையைச் சொல்கின்றன. வலது காதில் 1500-க்கும் 2000-க்கும் நடுவில் எங்கோ கட்டங்கள் காலியாக ஆரம்பிக்கின்றன. இடது காதில் 2000-இலும் ஆள் இருக்கிறது.

வலது காதில் 3000-இலும் 4000-இலும் 'முடிவு சொல்ல முடியவில்லை' என்று எழுதியிருந்தார். அங்கே எனக்கு அமைதியிலேயே 95 வேண்டும். அதற்கு மேல் இரைச்சலை வைக்கக் கருவியும் இடம் தராது, காதும் தாங்காது. தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு காதுக்கும் சேர்த்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

கால் மணி நேரம்! நான் பதினான்கு மாதம் சோம்பேறி என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

எதனால் வந்தது என்று கேட்டேன். அச்சு மெஷினின் சத்தமாக இருக்கலாம். முப்பது வயதில் காசநோய்க்காக எனக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டிருக்கிறார்கள், அந்த வகை மருந்துகள் மயிர்ச் செல்லைப் பாதிக்கக்கூடியவை, அதாகவும் இருக்கலாம். வயதும் சேர்ந்திருக்கும். இனிமேல் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். திரும்ப முளைக்குமா என்றேன். மனிதர்களுக்கு முளைப்பதில்லை. கோழிக்கும் குருவிக்கும் முளைக்குமாம். போகட்டும், அவற்றுக்காவது கேட்கட்டும்.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். காலிக் கட்டம் தொடங்கும் சுருதியை 1.7-ஆல் பெருக்கிக்கொள்வது என்று ஒரு கணக்கு அதே மூர் குழுவினரின் ஆராய்ச்சியிலிருந்து வந்திருக்கிறது. அதுவரை கூட்டினால் பலன் உண்டு, அதற்கு மேல் கூட்டினால் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் உண்டு. எனக்கு 1500 என்று வைத்தால் சுமார் 2550 ஹெர்ட்ஸ். ஆனால் இதை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் அவரே சொன்னார். குறை அவ்வளவு கடுமையில்லாதவர்களுக்கு, காலிக் கட்டம் இருந்தாலும், மேல்சுருதியைக் கூட்டுவது உதவியது என்று பின்னால் வந்த ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றனவாம். அதனால் கணக்கை நம்பி ஒரேயடியாக வெட்டிவிடாமல், வலது காது மெஷினில் இரண்டு புரோகிராம் வைத்துக் கொடுத்தார். ஒன்றில் மேல்சுருதி பழையபடி, இன்னொன்றில் 2550-க்கு மேல் குறைத்தது. எது எது என்று என்னிடம் சொல்லவில்லை. இரண்டு வாரம் ஒன்று, இரண்டு வாரம் மற்றது. நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். இடது காதில் கையே வைக்கவில்லை. அங்கே ஆள் இருக்கிறார்களே.

நோட்டு எழுதுவதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பானா? தேதி போட்டு, யார் பேசியது, என்ன சொன்னார், எனக்கு என்ன விழுந்தது என்று மூன்று பத்தி. 'பாட்டி எங்கே' என்று பேத்தி கேட்டது, முதல் புரோகிராமில் 'ஆட்டி எங்கே' என்று சருகோடு விழுந்திருக்கிறது. இரண்டாவதில் சருகு இல்லை. 'பாட்டி'யா 'காட்டி'யா என்ற குழப்பம் அப்போதும் இருந்தது, ஆனால் அவள் குரல் அவள் குரலாக இருந்தது. நாலு வாரம் கழித்து இரண்டாவதையே வைத்துக்கொண்டேன், மேல்சுருதியைக் குறைத்தது அதுதான். வார்த்தை டெஸ்டில் வலது காது நாற்பதிலிருந்து நாற்பத்தாறு ஆனது. அவ்வளவுதான். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வலது காதின் கரகரப்பு இடது காதைக் கெடுப்பது நின்றுவிட்டது, விசிலும் நின்றுவிட்டது. இப்போது காலையில் பல் தேய்த்ததும் மாட்டுகிறேன், ராத்திரி படுக்கும்போது கழற்றுகிறேன். பேட்டரி தீர்ந்தால் என் மனைவிக்கு முன்னால் எனக்குத் தெரிகிறது.

மேல்சுருதியைக் கீழே இறக்கித் தரும் வசதியையும் ஒரு வாரம் போட்டுப் பார்த்தேன். காலிக் கட்டத்துக்கு வருவதை ஆள் இருக்கும் கட்டத்துக்கு மாற்றிவிடுகிற ஏற்பாடு. சிலருக்கு நன்றாகப் பொருந்துகிறதாம். எனக்கு ஸகரமும் ஷகரமும் ஒன்றாகிவிட்டன. பிழை திருத்தியவனுக்கு அது தாங்காது, எடுத்துவிடச் சொன்னேன்.

எல்லாருக்கும் இந்த டெஸ்ட் வேண்டும் என்று நான் வாதாடவில்லை. லேசான குறை உள்ளவர்களுக்குத் தேவைப்படாது. காது அநேகமாக முழுதும் போனவர்களுக்கு, எனக்கு 3000-இல் ஆனது போல, எடுக்கவே முடியாது. செவி நரம்பிலேயே கோளாறு இருந்தாலும் இந்த டெஸ்டில் எண் கூடுதலாக வரும், அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. பீப்பை ஓரிடத்தில் நிறுத்திவைத்து, ஒரு குறுகிய இரைச்சல் பட்டையைக் கீழ்ச்சுருதியிலிருந்து மேலாக நகர்த்திக்கொண்டு வருவார்கள். எந்த இடத்தில் அந்தப் பட்டை பீப்பை மிக எளிதாக அமுக்குகிறதோ, அந்த இடத்துச் செல்தான் உண்மையில் பீப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பிடிபட்டுவிடும். 2000-இன் பீப்பை 1500-இன் இரைச்சல் அமுக்கினால் குட்டு வெளிப்பட்டது. ஆனால் மெஷின் போட்டும் வார்த்தை புரியாதவர்கள், ஆடியோகிராமில் கோடு செங்குத்தாகச் சரிகிறவர்கள், 70 டெசிபலுக்கு மேல் போனவர்கள், ஒரு காதின் வார்த்தை மதிப்பெண் மற்றதைவிட வெகுவாகக் குறைந்தவர்கள் ஆகியோருக்கு மேல்சுருதியை இன்னும் கூட்டுவதற்கு முன்னால் ஒரு முறை இதை எடுத்துப் பார்க்கலாமே. காலிக் கட்டங்கள் நிறைய என்று தெரிந்தால், மயிர்ச் செல்லையே விட்டுவிட்டு நரம்பை நேராகத் தூண்டும் காக்ளியர் இம்ப்ளான்ட் பற்றி யோசிப்பதற்கும் அது ஒரு வழி. கீழ்ச்சுருதி மிச்சம் இருப்பவர்களுக்கு அதை மெஷினாலும் மேல்சுருதியை இம்ப்ளான்ட்டாலும் கேட்க வைக்கும் வகையும் இருக்கிறது.

உங்கள் வாசகர்களில் டிராயரில் மெஷின் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், அடுத்த முறை போகும்போது, "என் காதில் டெட் ரீஜன் இருக்கிறதா, டென் டெஸ்ட் எடுத்துப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். ஆடியோகிராம் எடுக்கும் கருவிகள் சிலவற்றிலேயே இந்த வசதி வருகிறது. இல்லாவிட்டால் இரைச்சலும் பீப்பும் பதிந்த சிடியை அந்தக் கருவியில் இணைத்தும் எடுக்கலாம். "நேரமில்லை" என்று சொன்னால் என் கால் மணி நேரக் கணக்கைச் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. கத்தாதீர்கள். கத்தினால் பலமாவது உயிரெழுத்துதான், வல்லினம் இருந்த இடத்திலேயே நிற்கும். 'கடை' என்பது 'அடை'யாகத்தான் இன்னும் பலமாக வந்து விழும். கிட்டே வந்து, முகத்தைப் பார்த்து, விளக்கு உங்கள் முகத்தில் படும்படி நின்று, சாதாரணமாகப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே வார்த்தையை நாலாம் முறை சொல்லாமல் வேறு வார்த்தை போட்டுச் சொல்லுங்கள். என் மனைவி இதை யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே கண்டுபிடித்தாள். 'கடை' எனக்கு விழவில்லை என்றால் 'அங்காடி' என்பாள். அவளுக்குத் தமிழ் அவ்வளவு வரும் என்று கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடம் எனக்குத் தெரியாது.

கட்டுரையாளர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அந்தக் கடைசிப் பத்தியை மட்டும் இன்னொரு முறை எழுதினால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிழை திருத்துபவர் ஒருவர்

பி.கு.: அதே கட்டுரையின் மூன்றாம் பத்தி, நாலாம் வரியில் 'செவிப்பறை' என்பது 'செவிப்பரை' என்று அச்சாகியிருக்கிறது. ஏழாம் பத்தியில் 'ஒலி அளவு' இரண்டு இடத்தில் 'ஒளி அளவு' ஆகியிருக்கிறது. அடுத்த இதழில் திருத்தம் போடவும்.